உங்களுக்குத் தெரியுமா? கொந்தளித்த ஆண்டுகளும் பகடி ஆவணப்படங்களும்

நடந்தது உண்மை, பேட்டி தருபவர் கற்பனை. அல்லது பேட்டி தருபவர் உண்மை, நடந்தது கற்பனை. இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆவணப்படத்தின் தோரணையிலேயே அரசியலையும் சமூகத்தையும் விளாசுகிற படங்களுக்கு ‘மாக்குமென்டரி’ என்று பெயர். பகடி ஆவணப்படம் என்று சொல்லலாம். சிரிக்கவைப்பதோடு இவற்றின் வேலை முடிவதில்லை. திரையில் வருவதையெல்லாம் நம்பிவிடும் நம் பழக்கத்தை நமக்கே எடுத்துக்காட்டுகின்றன. ‘இது கற்பனை’ என்று தெளிவாக ஒப்புக்கொள்ளும் படம் பார்வையாளரை விழிப்பாக்குகிறது. அந்த நேர்மையில் குறை வைக்கும் படம் ஊரைப் பதறவைக்கிறது. இரண்டு வகைக்கும் சான்றுகள் இதோ.

★ பெருந்தொற்று, ஆஸ்திரேலியக் காட்டுத்தீ, ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையைத் தொடர்ந்த போராட்டங்கள், அமெரிக்க அதிபர் தேர்தல் என்று 2020 முழுக்கக் கொந்தளிப்பு. அந்த ஆண்டு முடிய நான்கு நாள் இருக்கும்போதே, டிசம்பர் 27 அன்று, அதைத் திரும்பிப் பார்க்கும் ‘டெத் டு 2020’ நெட்ஃப்ளிக்ஸில் வந்துவிட்டது. ‘பிளாக் மிரர்’ தொடரைத் தந்த சார்லி புரூக்கரும் அன்னபெல் ஜோன்ஸும் உருவாக்கிய படம் இது. ஏறத்தாழ 70 நிமிடம் ஓடும் இதில் ஆண்டின் நிகழ்வுகளைக் காட்டும் செய்திக் காட்சிகள் நிஜம். நடுநடுவே நாற்காலியில் அமர்ந்து கருத்துச் சொல்பவர்கள் நடிகர்கள்.

★ அந்தப் படத்தில் கதைசொல்லியின் குரல் ‘மேட்ரிக்ஸ்’ புகழ் லாரன்ஸ் ஃபிஷ்பர்னுடையது. பத்திரிகையாளராக சாமுவேல் எல். ஜாக்சன், பிரிட்டன் அரசியாக டிரேசி உல்மன், தொழில்நுட்பக் கோடீஸ்வரராக குமைல் நஞ்சியானி வருகிறார்கள். ஃபிஷ்பர்னின் கனத்த குரலில் துளிகூடச் சிரிப்பு இருக்காது. இந்த வகைப் படங்களின் முதல் விதியே அதுதான்: சொல்பவர் சிரிக்கக் கூடாது.

★ ஹியூ கிராண்ட் ஏற்ற வேடம் டென்னிசன் ஃபாஸ் என்ற வரலாற்றாசிரியர். உண்மை வரலாற்றையும் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் வந்த சம்பவங்களையும் ஒன்றாகக் குழப்பி, இரண்டையும் ஒரே உறுதியோடு பேசுவார். கற்றவர் போன்ற தோற்றமும் தயங்காத பேச்சும் இருந்தால் ஒருவரை நிபுணர் என்று எவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்கிறோம் என்பதை இந்தப் பாத்திரம் உணர்த்திவிடும்.

★ லிசா குட்ரோ ஏற்றது ஒரு வலதுசாரி அரசியல் பேச்சாளர் வேடம். சற்றுமுன் சொன்னதை ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று கண்ணிமைக்காமல் மறுப்பார். அந்த ஆண்டின் அரசியல் பேச்சு எந்த நிலைக்கு இறங்கியிருந்தது என்பதைப் பல தலையங்கங்கள் சொன்னதைவிட இந்தச் சில நிமிடங்கள் தெளிவாகச் சொல்கின்றன.

★ அதே படத்தில் ‘உலகின் மிகச் சராசரியான 5 பேரில் ஒருவர்’ என்ற அறிமுகத்தோடு வருபவர் டயான் மார்கன். இவர் 2013 முதல் ‘ஃபிலோமினா கங்க்’ என்ற பாத்திரமாகவும் வலம் வருகிறார். ‘கங்க் ஆன் எர்த்’ போன்ற தொடர்களில் கேள்வி கேட்கும் கங்க் கற்பனை. எதிரே உட்கார்ந்து பதில் சொல்லும் பேராசிரியர்கள் நிஜம். எவ்வளவு அபத்தமான கேள்விக்கும் அவர்கள் பொறுமையாக விளக்கம் தருவதைப் பார்க்கும்போது அறிவுத்துறை மீது மரியாதை கூடுகிறது.

★ ஆண்டுக் கணக்கெடுப்பு புரூக்கருக்குப் புதிதல்ல. 2010 முதல் 2016 வரை ஒவ்வோர் ஆண்டின் செய்திகளையும் அலசும் ‘வைப்’ என்ற நிகழ்ச்சியை பிபிசியில் நடத்தினார். பிரெக்ஸிட் வாக்கெடுப்பும் டிரம்பின் முதல் வெற்றியும் நிகழ்ந்த 2016க்குப் பிறகு அந்த ஆண்டு நிகழ்ச்சி நின்றுபோனது. 2020 மே மாதத்தில் பெருந்தொற்றுக்காக மட்டும் ஒரு சிறப்பு நிகழ்ச்சியோடு திரும்பினார். அதே ஆண்டின் இறுதியில் வந்ததுதான் ‘டெத் டு 2020’.

★ அடுத்த ஆண்டு அதே டிசம்பர் 27 அன்று ‘டெத் டு 2021’ வெளியானது. ஃபிஷ்பர்ன், ஹியூ கிராண்ட், டயான் மார்கன் ஆகியோர் திரும்பி வந்தார்கள். லூசி லியு புதிதாகச் சேர்ந்தார். எழுதியவர்களில் புரூக்கர் இல்லை. ‘டெத் டு 2022’ வரவே இல்லை.

★ ஓர் ஆண்டின் அரசியலைக் கிண்டல் செய்ததன் பலனை பிபிசி 60 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்கிறது. 1962 நவம்பரில் தொடங்கிய ‘தட் வாஸ் தி வீக் தட் வாஸ்’ நிகழ்ச்சி, அமைச்சர் புரொஃப்யூமோ சிக்கிய விவகாரத்தால் பிரிட்டன் ஆட்டம் கண்ட 1963இல் உச்சத்தில் இருந்தது. அந்த ஆண்டின் கடைசி வாரத்திலேயே மூடப்பட்டது. சொல்லப்பட்ட காரணம்: 1964 தேர்தல் ஆண்டு. வாக்காளருக்குப் பகடி மிகவும் தேவைப்படும் ஆண்டில்தான் அது நிறுத்தப்பட்டது.

★ 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் அமெரிக்க வானொலியில் செவ்வாய்க் கிரகப் படையெடுப்பைச் செய்தி அறிக்கை வடிவில் நாடகமாக்கினார். கேட்டவர்களில் சிலர் நம்பிவிட்டதற்குக் காரணம் உண்டு. சில வாரங்களுக்கு முன்புதான் ஐரோப்பாவில் போர் மூளுமோ என்று அஞ்சவைத்த மியூனிக் நெருக்கடி. நிகழ்ச்சியை இடைமறித்து வரும் அவசரச் செய்திகளுக்கு மக்கள் பழகியிருந்தார்கள். நாடே பீதியில் உறைந்ததாக மறுநாள் பத்திரிகைகள் எழுதியதுதான் பெரிய மிகை என்று பின்னாளைய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

★ பயண ஆவணப்படங்களின் இரக்கமற்ற தொனியை அப்படியே எடுத்து, ஸ்பெயினின் லாஸ் உர்தெஸ் பகுதி வறுமையைச் சொன்னவர் லூயி புனுவெல். ‘ரொட்டியில்லா நிலம்’ என்று பொருள்படும் அந்த 1933 படத்தை ஸ்பானியக் குடியரசு தடை செய்தது. மலைவிளிம்பிலிருந்து ஆடு ஒன்று ‘தானாகத் தவறி’ விழும் காட்சியில், துப்பாக்கிப் புகை திரையோரத்தில் தெரியும். படத்துக்குப் பணம் தந்தவர் ரமோன் அசீன் என்ற ஆசிரியர், லாட்டரியில் வென்ற தொகையிலிருந்து கொடுத்தார். உள்நாட்டுப் போர் மூண்ட 1936இல் ஃபிராங்கோ தரப்பினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

★ 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசியின் ‘பனோரமா’ செய்தி நிகழ்ச்சி, சுவிட்சர்லாந்தில் மரங்களிலிருந்து ஸ்பகெட்டி அறுவடை செய்யும் குடும்பத்தைக் காட்டியது. மூன்று நிமிடக் காட்சிதான். ஸ்பகெட்டி மரம் வளர்ப்பது எப்படி என்று கேட்டுப் பலர் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர்கள் நம்பியது படத்தை அல்ல, விவரித்த ரிச்சர்ட் டிம்பிள்பியின் குரலை. பிரிட்டன் மிகவும் மதித்த ஒலிபரப்பாளர் அவர்.

★ 1746இல் நடந்த போருக்குத் தொலைக்காட்சி நிருபர்கள் போயிருந்தால்? பீட்டர் வாட்கின்ஸ் 1964இல் ‘கலோடன்’ படத்தை அப்படித்தான் எடுத்தார். ஸ்காட்லாந்து மண்ணில் நடந்த அந்தப் படுகொலையின் நடுவே வீரர்கள் கேமராவைப் பார்த்துப் பேசுவார்கள். நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர்.

★ வாட்கின்ஸின் அடுத்த படம் ‘தி வார் கேம்’. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் செய்திப்பட பாணியில் காட்டியது. சிரிப்புக்கு இடமில்லாத படம் என்றாலும், அரசின் ‘பாதுகாப்பு ஏற்பாடுகள்’ மீது இதைவிடக் கூர்மையான விமர்சனம் அன்று இல்லை. எடுத்த பிபிசியே 1965இல் ஒளிபரப்ப மறுத்தது. முழுக்க நடித்துக் காட்டப்பட்ட இந்தப் படம் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வென்றது! பிபிசியில் அது வெளிவந்தது 1985இல்தான்.

★ 1970 மே மாதம் அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போரை எதிர்த்த மாணவர்கள் மீது தேசியக் காவல் படை சுட்டதில் 4 பேர் இறந்தனர். அந்தக் காலகட்டத்தின் கொதிப்பிலிருந்து பிறந்தது வாட்கின்ஸின் ‘பனிஷ்மென்ட் பார்க்’ (1971). கைதான போராட்டக்காரர்கள் சிறைக்குப் போகலாம், அல்லது காவலர்கள் துரத்தப் பாலைவனத்தில் நடந்து அமெரிக்கக் கொடியை எட்டலாம் என்பது கதை. அரசு நினைத்தால் விசாரணையின்றிக் குடிமக்களை அடைத்துவைக்க இடம் தந்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நிஜமாகவே நடப்பில் இருந்தது. அந்தப் பிரிவு 1971 செப்டம்பரில் நீக்கப்பட்டது.

★ வூடி ஆலனின் ‘செலிக்’ (1983) யாரோடு இருக்கிறானோ அவர்களைப் போலவே உருமாறும் ஒருவனின் ‘வாழ்க்கை வரலாறு’. 1920களின் செய்திப்படம் போலத் தெரிய ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் பழைய லென்ஸுகளைப் பயன்படுத்தினார். படச்சுருளில் கீறல்களும் உண்டாக்கப்பட்டன. சூசன் சான்டாக், சால் பெல்லோ போன்ற நிஜ அறிஞர்கள் செலிக்கைப் பற்றிக் கருத்துச் சொல்வார்கள். ஊரோடு ஒத்துப்போகத் துடிக்கும் அவன் கடைசியில் நாஜிகளின் கூட்டத்தில் போய் நிற்கிறான். இந்தப் படத்தின் எச்சரிக்கையே அதுதான்.

★ 1988 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜாக் டேனர் என்று ஒரு வேட்பாளர் நியூ ஹாம்ப்ஷயரில் பிரசாரம் செய்தார். அவர் நடிகர் மைக்கேல் மர்ஃபி. ராபர்ட் ஆல்ட்மன் இயக்கி, கார்ட்டூனிஸ்ட் கேரி ட்ரூடோ எழுதிய ‘டேனர் 88’ தொடரில், பாப் டோல், கேரி ஹார்ட், புரூஸ் பேபிட் போன்ற நிஜ அரசியல் தலைவர்கள் அந்தக் கற்பனை வேட்பாளரோடு திரையில் தோன்றினார்கள். ஆல்ட்மனுக்கு இந்தத் தொடர் எம்மி விருது பெற்றுத்தந்தது.

★ நாட்டுப்பாடல் பாடியே வாக்குச் சேகரிக்கும் வலதுசாரி வேட்பாளர் ஒருவரின் கதை ‘பாப் ராபர்ட்ஸ்’ (1992). எழுதி, இயக்கி, நடித்தவர் டிம் ராபின்ஸ். பாடல்கள் நன்றாகவே அமைந்துவிட்டன. ஆனால் இசைத்தொகுப்பை வெளியிட ராபின்ஸ் மறுத்தார். கதையிலிருந்து பிரித்துக் கேட்டால் பகடி மறைந்து, பாடலின் கருத்தையே சிலர் கொடியாகப் பிடிப்பார்கள் என்ற கவலை. லாபத்தை விட்டுக்கொடுத்து எடுத்த அந்த முடிவு இந்தத் துறையின் பொறுப்புணர்வுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

★ இல்லாத போதைமருந்தைத் தடைசெய்யக் கோரி பிரிட்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது! கிறிஸ் மாரிஸின் ‘பிராஸ் ஐ’ நிகழ்ச்சிக் குழு ‘கேக்’ என்ற பெயரில் ஒரு மருந்தைக் கற்பனை செய்து, பிரபலங்களிடம் எச்சரிக்கை வாசகங்களைப் படிக்கவைத்தது. அது மூளையின் இல்லாத ஒரு பகுதியைப் பாதிக்கும் என்பதையும் அவர்கள் படித்தார்கள். ஓர் எம்.பி. அதை அவையிலேயே எழுப்பிவிட்டார். நிகழ்ச்சி 1997இல் ஒளிபரப்பானது.

★ நிலவில் மனிதன் இறங்கியது ஸ்டான்லி கூப்ரிக் எடுத்த நாடகம் என்று ‘நிரூபிக்கும்’ பிரெஞ்சுப் படம் ஒன்றை வில்லியம் கேரல் 2002இல் எடுத்தார். ஹென்றி கிஸ்ஸிஞ்சர், டோனல்ட் ரம்ஸ்ஃபெல்ட் ஆகியோரே அதில் பேசுகிறார்கள். அவர்கள் வேறு எதையோ பற்றிச் சொன்னது வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. முடிவில் எல்லாம் புனைவு என்று படமே காட்டிவிடுகிறது. எடிட்டிங் மேசையில் ஒருவரின் சொல்லை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம் என்பதற்கு இது ஒரு முழுப் பாடம்.

★ அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையை ஆதரித்த தென்மாநிலங்கள் வென்றிருந்தால்? கெவின் வில்மாட்டின் ‘சி.எஸ்.ஏ.’ (2004) அந்த நாட்டின் தொலைக்காட்சியில் ஓடும் ஆவணப்படம் போல, நடுவே விளம்பரங்களோடு வருகிறது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்த விளம்பரப் பொருள்களில் சில உண்மையான அமெரிக்காவில் உண்மையாகவே விற்கப்பட்டவை என்று படத்தின் இறுதியில் எழுத்துகள் சொல்கின்றன. சிரித்தவர் அந்த இடத்தில் சிந்திக்காமல் இருக்க முடியாது. வில்மாட் பின்னர் ‘பிளாக் கிளான்ஸ்மேன்’ திரைக்கதைக்காக ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்டார்.

★ 2006 டிசம்பர் 13 இரவு பெல்ஜியத்தின் பிரெஞ்சு மொழி அரசுத் தொலைக்காட்சி, ஃபிளாண்டர்ஸ் பகுதி தனிநாடாகப் பிரிந்துவிட்டது என்று அவசரச் செய்தி வாசித்தது. மன்னர் நாட்டைவிட்டுப் போய்விட்டார் என்றும் சொன்னது. வழக்கமான செய்தி வாசிப்பாளர், வழக்கமான அரங்கம். ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்துத்தான் ‘இது புனைவு’ என்ற வாசகம் திரையில் வந்தது. நாட்டின் பிளவு பற்றி மக்கள் பேசவேண்டும் என்பது நோக்கம். அந்தக் கேள்வி கற்பனையாக மட்டும் நிற்கவில்லை: 2010 தேர்தலுக்குப் பின் மொழிக் குழுக்கள் ஒத்துப்போகாமல் பெல்ஜியம் 541 நாள் முழுமையான அரசு இல்லாமல் இருந்தது.

★ பெல்ஜிய ஒளிபரப்புக்கு மூன்று ஆண்டுக்கு மேல் கழித்து ஜார்ஜியாவில் நடந்தது கவலைக்குரியது. 2010 மார்ச் 13 அன்று இமேதி தொலைக்காட்சி, ரஷ்யா மீண்டும் படையெடுத்துவிட்டது என்றும் அதிபர் இறந்துவிட்டார் என்றும் அரை மணி நேரச் செய்தி ஒளிபரப்பியது. 2008 போரின் நிஜக் காட்சிகளையே இதற்குப் பயன்படுத்தினார்கள். தொடக்கத்தில் ஒரு சிறு அறிவிப்பு மட்டும் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் போரைப் பார்த்த மக்கள் வீதிக்கு ஓடிவந்தார்கள், தொலைபேசி இணைப்புகள் திணறின. காயம் ஆறாதவர்களின் அச்சத்தோடு விளையாடுவதைப் பகடி என்று ஏற்க முடியாது.

★ இதற்கு நேர்மாறான உதாரணம் ஸ்பெயினில் கிடைக்கிறது. 1981 பிப்ரவரி 23 அன்று ஸ்பெயின் நாடாளுமன்றத்துக்குள் ஆயுதப் படையினர் புகுந்து ஆட்சியைக் கவிழ்க்க முயன்றார்கள். சரியாக 33 ஆண்டு கழித்து, அது ஒரு திரைப்பட இயக்குநரை வைத்து நடத்திய நாடகம் என்று ஓர் ஆவணப்படம் ‘அம்பலப்படுத்தியது’. ஜோர்தி எவோலே தயாரித்த அதை 50 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பார்த்தார்கள். முடிவில் அனைத்தும் பொய் என்று சொல்லிவிட்டு, உண்மைக் கதையைச் சொல்ல ஆசைதான், ஆனால் வழக்கு ஆவணங்களைப் பார்க்க உச்ச நீதிமன்றம் அனுமதிக்கவில்லை என்று காரணத்தையும் தெரிவித்தார்கள். கதவு மூடியிருக்கும் இடத்தில்தான் வதந்தி வளரும் என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

★ பிரிட்டன் நாடாளுமன்றக் கீழவையின் காட்சிகளைப் பகடி நிகழ்ச்சிகளில் பயன்படுத்தக் கூடாது என்பது ஒளிபரப்பு விதி. 2011இல் அமெரிக்காவின் ‘டெய்லி ஷோ’ ஒரு பகுதியில் அக்காட்சிகளைச் சேர்த்ததால், அந்தப் பகுதி பிரிட்டனில் ஒளிபரப்பாகவில்லை. மறுபக்கம், பகடிக்காகப் பிறர் படைப்பிலிருந்து நியாயமான அளவு எடுத்தாள 2014 அக்டோபர் 1 முதல் பிரிட்டன் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது.

★ லண்டன் ஒலிம்பிக் ஏற்பாடுகளைப் பகடி செய்த ‘ட்வென்டி ட்வெல்வ்’ தொடரின் முதல் பகுதி 2011 மார்ச் 14 அன்று வந்தது. அதில் ஒலிம்பிக் கடிகாரம் சொதப்புகிறது. அதே நாளில் டிரஃபால்கர் சதுக்கத்தில் திறக்கப்பட்ட நிஜக் கடிகாரம் மறுநாளே நின்றுபோனது!

★ ‘போரட்’ இரண்டாம் பாகம் 2020 அக்டோபர் 23 அன்று, அமெரிக்கத் தேர்தலுக்கு 11 நாள் முன்பு வெளியானது. பெருந்தொற்றுக் காலத்தில் சாஷா பேரன் கோஹன் போரட் என்ற கற்பனைப் பாத்திரமாகவே, சதிக்கோட்பாடுகளை நம்பும் இருவரோடு ஒரே வீட்டில் ஐந்து நாள் தங்கினார். ஆயுதம் ஏந்தியவர்கள் வந்த ஒரு பேரணியில் குண்டு துளைக்காத உடை அணிந்து மேடை ஏறினார். மகளாக நடித்த பல்கேரிய நடிகை மரியா பகலோவா ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

★ ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து அரசே பிரித்தெடுத்த கொடுமைக்கு அன்றைய பிரதமர் ஜான் ஹோவர்ட் மன்னிப்புக் கேட்க மறுத்துவந்தார். சிட்னி ஒலிம்பிக் நடந்த 2000ஆம் ஆண்டில், ஜான் கிளார்க்கின் ‘தி கேம்ஸ்’ என்ற பகடித் தொடர் பிரதமரின் பெயரையே கொண்ட ஒரு நடிகரை கேமரா முன் நிறுத்தியது. ‘நான் ஜான் ஹோவர்ட்’ என்று தொடங்கி, எந்த நகைச்சுவையும் கலக்காமல், பழங்குடி மக்களிடம் அவர் முழு மன்னிப்புக் கேட்டார். அவர் பெயரிலும் பொய் இல்லை, சொன்ன சொல்லிலும் பொய் இல்லை. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து நாட்டின் சார்பில் அந்த மன்னிப்பைக் கேட்டார். ஓர் அரசு செய்யவேண்டியதை எட்டு ஆண்டுகள் முன்கூட்டியே செய்துகாட்டிய பெருமை ஒரு பகடித் தொடருக்கு உண்டு.